டிபன் கேரியரில் வந்த அயிரை

ஸௌந்தரராஜனுக்குப் பெருமைப்பட்டுக்கொள்ள வாழ்க்கையில் இரண்டே விஷயங்கள்தான். ஒன்று, ஸ்ரீபெரும்புதூர் கோயிலில் பிரபந்தம் சேவிக்கும் கோஷ்டியில் அவருக்கு இருந்த இடம். கடைசி வரிசை, தூணை ஒட்டி. முன்வரிசையில் நிறுத்தினால் பெருமாளே காதைப் பொத்திக்கொள்வார் என்று அவரே சொல்லுவார். இன்னொன்று, கூடத்தில் இருந்த மீன் தொட்டி. அதில் பெருமைப்பட என்ன இருந்தது என்பதுதான் தெரியவில்லை. அதற்குள் மீன் இருந்ததை யாரும் பார்த்ததில்லை.

தொண்ணூற்றொன்றாம் வருஷம் ஆவணியில் ஒரே பெண் வசுதா கல்யாணமாகிப் பெங்களூர் போனாள். வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. ஸௌந்தரராஜன் மெட்ராஸ் போய், மூர் மார்க்கெட் பக்கம் ஒரு கண்ணாடித் தொட்டியும் ஒரு மீனும் வாங்கி வந்தார். உடம்பெல்லாம் வரி, வாயைச் சுற்றி மீசை. "லோச்சுன்னு பேரு சார். அயிரை ஜாதிதான். கூட்டமா இருந்தாத்தான் தரிக்கும், ஒத்தையில வுட்டா ஏங்கிப்பூடும்" என்றார் கடைக்காரர். அவரிடம் இருந்ததே அந்த ஒன்றுதான். ஏங்கிப்போகும் என்று காதால் கேட்டுக்கொண்டே அதை வாங்கி வந்த புத்திசாலி, நம்ம ஸௌந்தரராஜன்.

மனைவி ஹேமாம்புஜம் தொட்டியைப் பார்த்தாள். "நன்னாயிருக்கு" என்றாள். உள்ளே போய்விட்டாள்.

மீன் அப்படியே ஏங்கியது. சாப்பிடவில்லை, மூலையைவிட்டு நகரவில்லை. ஸௌந்தரராஜனுக்கு ஆபீஸில் வேலை ஓடவில்லை. பென்னலூர் பக்கத்தில் ஒரு கம்பெனியின் ஸ்டோர்ஸில் அவர் குமாஸ்தா. போல்ட் கேட்டு வந்தவர்களுக்கு வாஷரைத் தூக்கிக் கொடுத்தார். கடைசியில்தான் அவருக்கு உறைத்தது: அயிரை ஜாதி என்றால், சொந்தபந்தம் ஏரியிலேயே இருக்குமே.

ஐப்பசி மழையில் பிள்ளைப்பாக்கம் ஏரி மதகடியில் பாப்பம்மாள் அயிரை பிடித்து விற்றுக்கொண்டிருந்தாள். மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் அங்கே போய் நின்றார் நெற்றி நிறையத் திருமண்ணோடு.

"உயிரோட வேணும்" என்றார்.

"அயிரைய உசுரோடத்தான் வாங்குவாங்க சாமி. வூட்டுக்கு எட்துகினு போயி உப்புத் தண்ணியில போட்டு வையி, மண்ணெல்லாம் கக்கிடும். அப்பால மண்சட்டியில போட்டு நல்லா ஒரசணும். புளி கொஞ்சம் தூக்கலா இருக்கட்டும்."

வளர்ப்பதற்கு என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. குழம்பு மீனை வளர்க்கிறேன் என்றால் பைத்தியம் என்று நினைப்பாளே. ஆகவே பூண்டு எத்தனை, தாளிப்பு எப்போது என்பது வரை தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பைத்தியம் என்ற பேருக்குப் பயந்து, அதைவிடப் பெரிய பேருக்கு அஸ்திவாரம் போட்டுவிட்டு, டிபன் கேரியரின் மேலடுக்கை நீட்டினார். மணலில் புதையும் சாதாரண அயிரையும், கல்லடியில் ஒட்டிக்கொள்ளும் புள்ளி போட்ட இன்னொரு வகையும் அதில் வந்து விழுந்தன.

சாயங்காலம் வீடு திரும்பும்போது கம்பெனி பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கியதில் மூடி திறந்துகொண்டது. ஓர் அயிரை எகிறி, முன்சீட்டு சூப்பர்வைசரின் மடியில் விழுந்து துள்ளியது. ஐயங்காரின் சாப்பாட்டுப் பாத்திரத்தில் அயிரை! பஸ்ஸே எழுந்து நின்று பார்த்தது. அவர் வீடு வந்து சேருவதற்குள் சேதி சன்னதித் தெருவுக்கு வந்துவிட்டது.

அவருக்கோ மீன் கவலை. வரி மீன் புதிதாக வந்தவற்றைத் துரத்தியது. ஆளுக்கொரு மறைவிடம் இருந்தால் சண்டை வராது என்று உடைந்த பூந்தொட்டி ஓடுகளைக் கவிழ்த்து வைத்தார். மீசை கீறக்கூடாது என்று ஆற்றுமணலைச் சலித்துப் போட்டார். ஹேமாம்புஜத்தின் மாவுச் சல்லடையில் சலித்ததற்கு அவள் இரண்டு நாள் பேசவில்லை. எல்லா மீனும் அதனதன் இடத்தில் ஒளிந்துகொண்டது. அன்று முதல் தொட்டியில் மணலும் ஓடும் தண்ணீரும்தான் காட்சி.

சனிக்கிழமை மத்தியானம் ஸடகோபன் ஸ்வாமி வந்தார். கோஷ்டியில் அவர்தான் மூத்தவர், அவர் வைத்ததுதான் சட்டம். உட்காரவில்லை.

"என்னங்காணும், என்னென்னவோ காதுல விழறது. நிஜமானா நாளைலேர்ந்து கோஷ்டிக்கு வர வேண்டாம்."

"ஸ்வாமி, அடியேன் வளர்க்கிறேன். இதோ, தொட்டியில."

ஸ்வாமி குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். "எங்கே?"

ஸௌந்தரராஜன் தீனி தூவினார். ஒன்றும் வரவில்லை. கண்ணாடியைத் தட்டினார். வேட்டியை இறுக்கிக்கொண்டு தோள்வரை கையைவிட்டு ஓட்டைத் தூக்கினார். மணலைக் கிளறினார். தண்ணீர் கலங்கிச் சேறானது. இப்போது ஓடுகூடத் தெரியவில்லை. நனைந்த மேல்துண்டோடு அவர் நின்ற கோலத்தைப் பார்த்தால், குழம்புச் சட்டியைத் துழாவிவிட்டு வந்தவர் மாதிரிதான் இருந்தது. தூணோரத்து இடம் கைவிட்டுப் போகிறது என்று நினைத்து மறுபடியும் கையை உள்ளே விட்டார்.

"கொஞ்சம் நகருங்கோ" என்றாள் ஹேமாம்புஜம்.

வெளிச்சம் கூசாதபடி ஜன்னலைச் சாத்தினாள். மணல் தணியும்வரை காத்திருந்தாள். பிறகு வேகவைத்த வெள்ளரிப் பிஞ்சுத் துண்டு ஒன்றை விரலில் பிடித்துத் தண்ணீருக்குள் விட்டாள். ஓட்டடியிலிருந்து முதலில் வரி மீன் வந்தது. பின்னால் மணலைப் பிளந்துகொண்டு அயிரைகள், அப்புறம் புள்ளி போட்டவை. எல்லாம் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு அவள் விரல் நுனியில் மீசையால் தடவித் தின்றன.

"இது கொஞ்சம் சங்கோஜி, கடைசியாத்தான் வரும்" என்று ஒன்றைக் காட்டினாள்.

ஸ்வாமி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "கார்த்தாலே சீக்கிரம் வாரும்" என்றார். வாசலில் செருப்பைத் தேடியபடி, "அந்த டிபன் கேரியரை மட்டும் மாத்தும்" என்றார்.

இடம் பிழைத்தது. ஆனால் ஸௌந்தரராஜன் தொட்டியை விட்டு நகரவில்லை. தன் மீன் என்று ஊரெல்லாம் சொன்னவருக்கு அதில் ஒன்றின் முகம்கூடத் தெரியாது.

"எப்போலேர்ந்து இப்படி?"

"அயிரையெல்லாம் வந்த மறுநாள்லேர்ந்து. நீங்க ஷிப்டுக்குப் போயிட்டா, பகல் பூரா எனக்குப் பேச யாரு இருக்கா?"

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். ஒத்தையில விட்டால் ஏங்கிப்போகும் என்று ஒரு மீனுக்காக ஏரிக்கரைவரை ஓடிய மனிதருக்கு, வசுதா போன நாளிலிருந்து கூடத்திலேயே ஒருத்தி ஒத்தையில் உட்கார்ந்திருந்தது தெரியவில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது. பஸ்ஸில் பட்டதைவிட அதிக வெட்கம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளையும் கூட்டிக்கொண்டு ஏரிக்குப் போனார். மதகடியில் பாப்பம்மாள் ஹேமாம்புஜத்தை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீதான் கொழம்பு வெக்கிறியாம்மா? எப்டி வந்துச்சு?"

ஸௌந்தரராஜன் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"புளி கொஞ்சம் தூக்கலாப் போயிடுத்து" என்றாள் ஹேமாம்புஜம். வசுதா போனபின் அவள் வாய்விட்டுச் சிரித்து அன்றுதான் பார்த்தார்.