சூடில்லாதது படத்தில் வராது

என் அம்மா செங்கேணி நாற்பது ஆண்டுகள் அடுத்தவர் வயலில் நடவு நட்டாள். உத்திரமேரூரைச் சுற்றி ஏழெட்டு ஊர்களில் அவள் கால் படாத வரப்பு கிடையாது. பன்னிரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு போவாள். கூலி, நேரம், சாப்பாட்டு வேளை எல்லாம் அவள்தான் பேசுவாள். அப்பா இறந்தபோது எனக்கு ஒன்பது வயது. நடவுக் கூலியில்தான் என்னை எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படிக்க வைத்தாள்.

நாற்பது ஆண்டுகளில் அவளைப் பாம்பு கடித்ததே இல்லை. அது அதிர்ஷ்டம் அல்ல. நாற்றுக்கட்டோ விறகோ வைக்கோலோ, எதுவானாலும் முதலில் குச்சியால் மூன்று தட்டு தட்டுவாள். கொஞ்சம் நிற்பாள். பிறகுதான் கை வைப்பாள். பாம்பு என்ற சொல்லும் அவள் வாயில் வராது. பூச்சி என்பாள்.

அந்தப் பழக்கத்தை நிறுத்தியவள் நான்.

போன ஐப்பசியில் எங்கள் வீட்டுக் கோழிக்குஞ்சுகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. பக்கத்து வீட்டு ஆண்டாளம்மாளின் பூனைமேல் அம்மாவுக்குச் சந்தேகம். வேலிக்கு இரண்டு பக்கமும் நின்று கத்தினார்கள்.

"உம் பூனைய கட்டிப் போடு ஆண்டா. இல்லாங்காட்டி நான் கட்டிப் போடுவேன்."

"உன் கோயி இன்னா பட்டத்து ராணியா? எம் பூனை மோந்துகூடப் பாக்காது."

இருபது வருடச் சிநேகிதிகள் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. காட்டில் விலங்குகளைப் படமெடுக்க மரத்தில் கட்டுவார்களே, அந்த மாதிரிக் கேமரா ஒன்று வாங்கிவந்தேன். கோழிக்கூடும் விறகு அடுக்கும் தெரியும்படி முருங்கை மரத்தில் கட்டினேன். எதிரே ஏதாவது நடமாடினால் தானாக விழித்துப் படமெடுக்கும். இருட்டிலும் எடுக்கும். அதற்கென்று கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு விளக்கு அதில் உண்டு.

மூன்றாம் நாள் படத்தில் கீரி விழுந்தது, வாயில் குஞ்சோடு. அம்மா போனை எடுத்துக்கொண்டு நேரே வேலியைத் தாண்டிப் போனாள்.

"இந்தா, உம் பூனை தப்பிச்சிக்கிச்சி."

"நான் சொன்னா நம்ப மாட்ட. பொட்டி சொன்னா நம்புவ," என்றாள் ஆண்டாளம்மாள். பிறகு, "ஏம்மா ஷாரோனு, எனக்கும் ஒண்ணு வாங்கியாயேன்," என்றாள்.

அவள் வீட்டிலும் ஒன்று கட்டிக்கொடுத்தேன்.

அதிலிருந்து அம்மா தினமும் காலையில் கேமராவின் கார்டைக் கழற்றித் தன் போனில் செருகுவாள். டீ குடித்துக்கொண்டே பார்ப்பாள். நான் ஒரகடத்தில் விடுதியில் இருந்தேன். ஷிப்டுக்குக் கிளம்பும் நேரத்தில் போன் வரும். "ராத்திரி நம்ம வூட்டாண்ட இன்னா கும்பல்டி! பெருச்சாளி குடும்பத்தோட வந்துகீது." படத்தில் வந்ததுதான் தோட்டத்தில் இருக்கிறது, வராதது இல்லை என்று அவள் மெல்ல நம்பத் தொடங்கினாள். அந்த நம்பிக்கை எனக்குப் பெருமையாக இருந்தது.

மார்கழியில் ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அழைத்தாள்.

"ஆண்டா இன்னாவோ சொல்லிக்கினு கீறா. நேத்து சாய்ந்திரம் பூச்சி ஒண்ணு நம்ம வெறகாண்ட போச்சாம். படத்துல ஒண்ணையும் காணோம். உனக்கு அனுப்பிகீறேன், நீ ஒரு தபா பாரு."

அறுபத்தொரு படங்கள். ஒரு கையில் சோறு, ஒரு கையில் போன். கோழி, பூனை, பெருச்சாளி, துடைப்பத்தோடு அம்மா.

"ஒண்ணும் இல்லம்மா."

"அப்போ வெறகுல கை வெக்கலாமா?"

"தாராளமா வையி."

இதைச் சொன்னவள் யார் என்றும் எழுதிவிடுகிறேன். ஆள் நுழைந்தால் தானாக எரியும் விளக்குகளுக்கு உணரி, அதாவது சென்சார், செய்யும் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் எனக்கு வேலை. கேமராவை விழிக்க வைப்பதும் அதே வகை உணரிதான். சூடேற்றிய தகடு ஒன்றை அதன் முன்னால் நகர்த்துவோம். அது விழிக்க வேண்டும். அறையின் சூட்டிலேயே உள்ள தகட்டை நகர்த்துவோம், விழிக்கக் கூடாது. விழித்தால் பழுது என்று ஒதுக்குவோம். பாம்பின் உடம்பு பெரும்பாலும் அது கிடக்கும் மண்ணின் சூட்டில்தான் இருக்கும். ஒரு நாளைக்கு நானூறு முறை என் கண்முன் நடக்கும் சோதனை இது. அன்று மதியம் என் நினைவுக்கு வரவில்லை.

மறுநாள் காலை ஏழரை மணிக்குக் கலைச்செல்வன் அண்ணன் அழைத்தார். எங்கள் தெருவில் ஆட்டோ ஓட்டுபவர்.

"ஷாரோனு, பதறாத. அம்மாவ பூச்சி கடிச்சிடுச்சி. உத்திரமேரூர்ல ஊசி போட்டுட்டாங்க. பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏத்திக்கினு போறாங்க. நேரா செங்கல்பட்டு வந்துடு."

நான் போய்ச் சேர்ந்தபோது அம்மாவின் வலது கை முழங்கைவரை வீங்கியிருந்தது. ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து இருபது நிமிடம் அசைக்காமல் வைத்திருந்தார்கள். மருத்துவர் குழாயைச் சாய்த்தார். ரத்தம் தண்ணீர்போல ஓடியது. உறையவில்லை, விஷம் இன்னும் வேலை செய்கிறது என்றார்கள். மறுபடி மருந்து ஏற்றினார்கள். ஆறு மணி நேரம் கழித்து மறுபடி குழாய். நான் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதும் ஓடியது. கண்ணாடி விரியனாக இருக்கலாம் என்றார் மருத்துவர். சிறுநீர் குறைந்துவருகிறது, அதுதான் கவலை என்றார்.

படம் மருத்துவருக்கு உதவும் என்று நினைத்து, கலை அண்ணன் கேமராவின் கார்டைக் கொண்டுவந்திருந்தார். வராந்தாவில் நின்று பார்த்தேன். ஐந்து நாற்பத்திரண்டுக்கு மூன்று படங்கள். முதலாவதில் அம்மா குனிகிறாள். இரண்டாவதில் வலது கை விறகுக்குள் இருக்கிறது. இடது கையில் குச்சி இல்லை. மூன்றாவதில் கலங்கிய ஒரு வெள்ளை உருவம், அம்மா பின்பக்கமாகச் சாய்கிறாள். பாம்பு எதிலும் தெரியவில்லை. கேமரா விழித்தது அம்மாவின் சூட்டுக்கு.

அன்று மாலை அம்மா கண் திறந்தாள். ஈறில் ரத்தம் கசிந்திருந்தது.

"படத்துல வந்துதா?"

"இல்லம்மா. நீதான் கீற."

"என் மூஞ்சியாவது நல்லா கீதா?"

என்னால் சிரிக்க முடியவில்லை. சொல்லிவிட்டேன்.

"அந்தக் கேமரா சூடு இருந்தாத்தான் முழிக்கும்மா. பூச்சிக்கு முழிக்காது. எனக்குத் தெரியும். தெரிஞ்சுகினே நேத்து கை வைன்னு சொன்னேன். நெனப்பு வரல."

அவள் கூரையைப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அழுதாலும் பரவாயில்லை என்றிருந்தது.

"ஆண்டா வூட்ல ஒண்ணு கட்டிக் குடுத்தியே," என்றாள்.

"ஆமா."

"அவளும் இப்போ தட்டறதில்லடி. அவ படத்துல வராததால அவ வூட்டாண்ட பூச்சி இல்லன்னு நெனச்சிக்கினு கீறா. கடிச்சது போய் எங்க பூந்துச்சோ. இன்னும் இன்னா என் மூஞ்சியப் பாத்துக்கினு நிக்கற? போன் போடு."

வராந்தாவுக்கு ஓடினேன். மணி ஐந்தரை. ஆண்டாளம்மாள் மாட்டுக்கு வைக்கோல் பிடுங்கும் நேரம். மூன்று முறை அடித்தும் எடுக்கவில்லை. நான்காம் முறை எடுத்தாள்.

"அத்தை, எங்க கீறீங்க?"

"பின்னாடி. வைக்கோல் போர்லதான். அம்மாவுக்கு எப்டி கீது?"

"கைய எடுங்க."

"இன்னாடி?"

"போர்லேந்து கைய எடுத்துட்டு தள்ளி வாங்க. அந்தக் கேமரா பூச்சிய காட்டாது. நீங்க பாத்தது நெசம்."

வைக்கோல் சரசரக்கும் சத்தம் கேட்டது. பிறகு வசவு. என்னை, கேமராவை, என் படிப்பை, என்னைப் படிக்க வைத்த அம்மாவை. அதன் நடுவிலேயே அழுகை வந்துவிட்டது.

திரும்பி வந்தேன்.

"சொல்ட்டியா?"

"சொல்ட்டேன்."

"இன்னா சொன்னா?"

"திட்டினாங்க."

"திட்டுவா," என்றாள் அம்மா. கண்ணை மூடிக்கொண்டாள்.

அடுத்த நாள் டயாலிசிஸ் தொடங்கினார்கள். இரண்டு முறை செய்தார்கள். வியாழக்கிழமை மாலை நான்கு பத்துக்கு அவள் போய்விட்டாள். வயது ஐம்பத்தெட்டு.

வெள்ளிக்கிழமை அடக்கம். நவரைப் பட்டத்து நடவு பாதியில் நின்றது. பன்னிரண்டு பெண்களும் வயலிலிருந்து நேரே வந்தார்கள், முழங்கால்வரை சேற்றோடு. அவர்களில் மூன்று பேர் எங்களைப் பார்த்துத் தங்கள் வீட்டிலும் கேமரா வாங்கிக் கட்டியிருந்தார்கள். பெட்டியை மூடுவதற்கு முன்பே அந்த மூவரையும் தனியே அழைத்து விஷயத்தைச் சொன்னேன். இதை இப்போது சொல்ல வேண்டுமா என்று பாஸ்டர் கேட்டார்.

ஆமாம் என்றேன். அவர்களும் வீட்டுக்குப் போய் விறகு எடுத்து அடுப்பு மூட்டுவார்கள்.