கடிகாரத்துக்கும் ஒரு தாள்

அந்த மனநல மருத்துவமனையின் ஆண்கள் வார்டில் அவருக்குப் பெயர் ‘கடிகாரம்’. வார்டு உதவியாளர் வேலை. கால் மணிக்கொரு தடவை நோயாளிகள் எல்லாரையும் நேரில் பார்த்துத் தாளில் டிக் போட வேண்டும். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு கட்டத்தையும் காலியாக விட்டதில்லை மனுஷன்.

வார்டில் நோயாளியாக இருந்த தையல்காரர் தற்கொலை செய்துகொண்ட அன்றும் விடவில்லை. பதினொன்றேகாலுக்கு, “சட்டையில பட்டன் தொங்குதுண்ணே. வெளிய போனதும் தச்சுத் தரேன்” என்று சிரித்தவர், பதினொன்றரைக்கு உயிரோடு இல்லை. தாள் சுத்தமாக இருக்கிறதென்று விசாரணையில் பாராட்டினார்களாம். அந்தப் பாராட்டைக் கொண்டுபோய் எந்தக் குப்பையில் போடுவது?

அன்றிலிருந்து அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. கால் மணி, ஐந்து நிமிஷமாயிற்று. தூங்குகிறவர்களின் போர்வையை விலக்கிப் பார்த்தார். வீட்டில் மனைவி குளிக்கப் போனாலும் கதவைத் தட்டினார். “நிம்மதியா ஒரு சொம்பு தண்ணி ஊத்திக்க விடுறீங்களா? இருக்கேன், இருக்கேன்!” என்று அந்த அம்மாள் உள்ளிருந்து கத்துவாள்.

பத்தாம் நாள் தலைமை நர்ஸ் கூப்பிட்டார். “உங்களால வார்டே பதறுதுண்ணே. திங்கட்கிழமையிலேர்ந்து ஸ்டோர் ரூமுக்குப் போயிடுங்க.”

ஸ்டோர் ரூமில் மூட்டை மூட்டையாகப் போர்வைதான், ஒரு மனுஷ முகம் கிடையாது. அவர் திரும்பி வந்து மறுபடியும் சுற்ற ஆரம்பித்தார். ஜன்னலோரக் கட்டிலில் இருந்த பஸ் டிரைவர் கையை நீட்டி மறித்தார்.

“இதைப் பாத்துட்டுப் போங்கண்ணே.”

கசங்கிய தாளில் கிரேயானால் கட்டங்கள். மேலே ‘கடிகாரம்’. நடக்கிறார். நடக்கிறார். டீ ஆறிப்போச்சு. ஜன்னல்கிட்ட அழுதார். நடக்கிறார். நோயாளிகள் முறை வைத்து ஒன்பது நாளாக எழுதியிருந்தார்கள்.

“எங்களை நீங்க பாக்குறீங்க. உங்களை யாரு பாக்குறது? பயமா இருக்குண்ணே. தையல்காரரைப் பத்திக் கேட்டா, மாத்திரை போடுன்னு பேச்சை மாத்துறீங்க. நாங்களும் அவர்கூட உக்காந்து சாப்பிட்டவங்கதானே?”

அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். “பட்டன் தச்சுத் தரேன்னார்” என்றார்.

“எனக்குப் பேன்ட்டைச் சுருக்கித் தரேன்னார்” என்றார் டிரைவர். ஒவ்வொருவராகக் கட்டிலருகே வந்து சேர்ந்தார்கள்.

அவர் சுற்றவில்லையே என்று எட்டிப் பார்க்க வந்த தலைமை நர்ஸ் கிரேயான் தாளை வாங்கிப் படித்தார். தலைகளை எண்ணி, அவருடைய வார்டுத் தாளில் காலியாகக் கிடந்த கட்டத்தில் தானே டிக் போட்டார். “ஸ்டோர் ரூமுக்கு வேற ஆளைப் பாக்குறேன்” என்றபோது குரல் உடைந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு அவரும் உட்கார்ந்தார்.

டிரைவர் கிரேயான் தாளைத் திரும்ப வாங்கி, ‘உட்கார்ந்திருக்கிறார்’ என்று எழுதினார். பிறகு பக்கத்தில் புதிதாக ஒரு கட்டம் போட்டு, மேலே ‘தலைமை நர்ஸ்’ என்று எழுதினார்.