ஜாக்கும் ஒன்பதும்

இந்த நாட்டுச் சீட்டுக்கட்டில் ஏஸ்தான் பெரியது என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் கையில் ஜாக் வந்தால் நெஞ்சு இன்னும் துள்ளுகிறது. ஞாயிறு பின்னேரங்களில் லண்டன் இல்ஃபோர்ட்டில் எங்கள் தெருமுனைப் பப்பில் காசு வைக்காமல் போக்கர் ஆடுகிறோம். அதே தெருவில் பதினொரு வருடம் குடியிருந்தும், அந்த மேசையில்தான் முதன்முதலாக ஒருவர் என் பெயரைக் கேட்டார். வருடக் கடைசியில் வெல்பவரின் பெயரைச் சுவரிலுள்ள மரப்பலகையில் பொன்னெழுத்தில் எழுதுவார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அது வேண்டும். கவுன்சில் கடிதங்களில் மட்டும் பெயர் இருந்தால் போதாது.

யாழ்ப்பாணத்தில் நாங்கள் ஆடியது முந்நூற்றிநாலு என்ற சீட்டாட்டம். அதில் ஜாக்தான் முதல். அடுத்தது ஒன்பது. ஏஸுக்கு மூன்றாமிடம், ராசாவும் ராணியும் அதற்கும் கீழே. ஊரடங்குப் பகல்களில் வேறு வேலையில்லாமல் ஆடி ஆடி அந்த வரிசை இரத்தத்தில் ஊறிவிட்டது. அன்றைக்கு என் சோடியாக இருந்த குணம் அண்ணை இப்போது வெம்பிளியில் இருக்கிறார். சனிக்கிழமைகளில் அவர் வீட்டில் இன்னும் ஆடுகிறோம்.

போன வருடமும் நான் இறுதியாட்டம் வரை போனேன். எதிரே மால்கம், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். இருவர் மட்டும் மிஞ்சிய ஆட்டத்தில், சீட்டுப் போடுமுன்பே, காசுக்குப் பதிலாக வைத்து ஆடும் வில்லைகளில் கொஞ்சம் கட்டாயமாக வைக்கவேண்டும். அதைப் பிளைண்ட் என்பார்கள், பத்து நிமிடத்துக்கொருமுறை அது கூடும். நான் நல்ல சீட்டு வரட்டும் என்று காத்திருந்தேன். குரோய்டன் குடிவரவு அலுவலகத்தின் விசா முடிவுக்காக ஆறு வருடம் காத்திருந்தவனுக்கு வேறென்ன தெரியும்? பொறுத்தார் பூமி ஆள்வார் என்பது அங்கே பலித்தது. இங்கே பொறுக்கப் பொறுக்க என் வில்லைகள் கரைந்தன. ஒரு நல்ல சீட்டையும் காணாமலே தோற்றேன்.

பிறகுதான் கணக்கைப் படித்தேன். கையிலிருப்பது பத்துப் பிளைண்டுக்குக் கீழே இறங்கிவிட்டால் காத்திருப்பதே நட்டம். பாதி நல்ல சீட்டு வந்தாலும் எல்லா வில்லைகளையும் நடுவே தள்ளிவிடவேண்டும். தள்ளுகிறவனுக்கு வெல்ல இரண்டு வழி உண்டு. எதிராளி பயந்து சீட்டைக் கீழே போட்டு விலகிவிடலாம், இல்லாவிட்டால் நம் சீட்டு வெல்லலாம். அதை ஏற்று ஆடுகிறவனுக்கு ஒரு வழிதான்.

இந்த வருடமும் மால்கம்தான். இருவரிடமும் எட்டு எட்டுப் பிளைண்ட் இருந்தது. சீட்டைத் தூக்கிப் பார்த்தேன், ஒரே இனத்தில் ஜாக்கும் ஒன்பதும். கணக்குப்படி தள்ளவேண்டிய சீட்டுத்தான். ஆனால் என் கையைத் தள்ளியது கணக்கா, ஊரடங்குக் காலத்துச் சந்தோசமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தள்ளினேன்.

"அப்படி என்ன வைத்திருக்கிறாய்?" என்று மால்கம் சிரித்தபடி கேட்டார்.

"எங்கள் ஊரில் இதற்கு மேல் சீட்டில்லை" என்று என் ஆங்கிலத்தில் உண்மையைச் சொன்னேன்.

அவர் நெடுநேரம் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் சீட்டைக் கீழே போட்டு விலகிவிட்டார். ஏமாற்றியதாக இருக்கக்கூடாதே என்று நான் என்னுடையதைத் திருப்பிக் காட்டினேன். மேசையைச் சுற்றி நின்றவர்கள் ஓவென்று சிரித்தார்கள். முந்நூற்றிநாலைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். "அருமையான பொய்!" என்று அவர் என் தோளில் தட்டினார்.

நாலைந்து ஆட்டம் கழித்து எனக்கு ஏஸும் ராசாவும் வந்தன. மறுபடி தள்ளினேன். "இதுவும் உங்கள் ஊரில் பெரியதா?" என்றார். "இல்லை, இது உங்கள் ஊரில் பெரியது" என்றேன். இந்தமுறை ஏமாறமாட்டேன் என்று சொல்லி, ஏஸும் நாலும் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் நடுவே தள்ளினார். தோற்றார். இப்போது பலகையில் என் பெயர் இருக்கிறது. அதைக் காட்டும்போதெல்லாம், இந்த மனிதனின் வாயை மட்டும் நம்பாதீர்கள் என்று மால்கம் பாசத்தோடு சொல்கிறார்.

வென்றதற்கு அடுத்த சனிக்கிழமை குணம் அண்ணை வீட்டு முந்நூற்றிநாலில் துரும்பு, அதாவது மற்றச் சீட்டுகளை வெட்டும் இனம், கேட்கும் முறை எனக்கு வந்தது. நான் கேட்காமல் விட்டுவிட்டேன். ஆட்டம் தோற்றபின் அவர் என் சீட்டுகளை விரித்துப் பார்த்தார்.

"என்னடா இது? ஜாக்கும் ஒன்பதும் ஒண்டாய்க் கிடக்கு. ஏன் கேக்கேல்லை?"

"ஏஸ் ஒண்டும் இல்லையெண்டு விட்டிட்டன் அண்ணை."

அவர் சிரிக்கவில்லை. மால்கம் பார்த்ததுபோலவே என் முகத்தைப் பார்த்தார்.

"உண்மையைச் சொல்லு" என்றார்.