பனிக்காலத்து மாத்திரை

எழுபதுகளின் தொடக்கம் அது. சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுத் தறியில் உட்கார்ந்திருந்த, பிரஷருக்குத் தினம் ஒரு மாத்திரை போடுகிற என் வீட்டுக்காரருக்குச் சித்திரை வெயிலில் தலை சுற்றியது. டாக்டர் கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பிரஷர் இறங்கியிருக்கிறது, வெயில் தணிகிறவரை பாதி மாத்திரை போதும் என்றார். "ஐப்பசி பொறந்ததும் வந்து காட்டுங்க. குளிர்ல ரத்தக்குழாய் சுருங்கிக்கும், பிரஷர் ஏறும்" என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது. இவர் காதில் பாதி மாத்திரை மட்டும் விழுந்தது.

ஐப்பசி வந்தது, மழையும் வந்தது. தறிக்குழியில் ஈரம் ஊறியது. இவர் டாக்டரிடம் போகவில்லை. அந்தப் பாதி மாத்திரையையும் நிறுத்திவிட்டார். எங்கள் தெருவில் எந்த நோய்க்கும் உடம்புச் சூடுதான் காரணம். சூடு தணிந்தால் நோயும் தணிந்துவிடும்.

"ஒடம்பு ஜில்லுனு இருக்குது. இப்ப இன்னாத்துக்கு மாத்திர? சும்மா நச்சுக்கினே இருக்காத" என்பார்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அரிசியில் கல் பொறுக்கும்போதும் காது தறிச் சத்தத்திலேயே இருக்கும். சத்தம் நின்றால் எழுந்து ஓடுவேன். இழை அறுந்திருக்கும், முடிந்துகொண்டிருப்பார். என்னைப் பார்த்து முறைப்பார். நானும் முறைத்துவிட்டு வருவேன்.

மார்கழியில் ஒரு விடியலில் தெருவில் பாவு விரித்தார்கள். பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கஞ்சி தடவ வேண்டும். வெயில் ஏறினால் இழை அறும் என்பதால் பனியிலேயே வேலை. இவர் வெற்று மார்போடு ஒரு முனையைப் பிடித்திருந்தார். பின்மண்டை வலிக்கிறது என்றார்.

"பனி எறங்கிக்கினு இருக்குதுபா, தலையில துண்டு கட்டிக்க" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். இவர் கட்டிக்கொண்டார்.

சற்று நேரத்தில் மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. அப்போதும் முனையை விடவில்லை மனுஷன். முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டார், பட்டில் படக்கூடாதாம். நான்தான் முனையைப் பிடுங்கிப் பக்கத்து வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டு இவரை இழுத்துக்கொண்டு போனேன்.

டாக்டர் பட்டையைச் சுற்றிப் பார்த்தார், திரும்பவும் பார்த்தார். "பிரஷர் ஏறி மூக்கோட போச்சும்மா. மூளையில ரத்தக்குழாய் வெடிச்சிருந்தா ஒரு பக்கம் கையும் காலும் வந்திருக்காது."

"ஒடம்புல சூடுதான் இல்லியே சார்" என்று இவர் முனகினார்.

வந்த ஆத்திரத்தில் டாக்டர் எதிரிலேயே கத்தினேன். எப்போதும் திருப்பிக் கத்துகிறவர் அன்று கஞ்சிப் பிசுக்கு காயாத விரல்களால் என் கையைப் பிடித்துக்கொண்டார். நாலு பேர் பார்க்க அவர் என் கையைத் தொட்டதே இல்லை. கத்திக்கொண்டே நானும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.