புஷ்பராணி அம்மாளும் எங்கள் உதவித்தொகையும்

புதன்கிழமை காலை ஜவுளிக்கடை முதலாளி தொலைபேசியில் கூப்பிட்டார். "சார், நம்ம மேட்ரன் அம்மா விடியக்காலம் தவறிட்டாக. நாலு மணிக்கு அடக்கம்." சரி என்று வைத்துவிட்டேன். அன்று அலுவலகத்தில் அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்தேன்.

புஷ்பராணி அம்மாளை அறிந்தவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல அதிகமில்லை. அரசு மருத்துவமனையில் மேட்ரனாக இருந்து ஓய்வு பெற்று, ராயப்பேட்டையில் தனியாக இருந்தார். நர்ஸிங் படிக்க ஆண்டுக்கு ஒரு பெண்ணுக்கு உதவித்தொகை கொடுத்துவந்தார், தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் அந்த முதலாளி. தேர்வுக் குழுவில் மூவர்: அவர், மயிலாப்பூரில் வங்கி அதிகாரியான நான், அம்மாள். கடையின் மேல்மாடியில் புடவைக் கட்டுகளுக்கு நடுவே நேர்காணல் நடக்கும்.

நான் ஐந்து கேள்விகளை டைப் அடித்து எடுத்துப் போவேன். அம்மாள் ஒரு பெட்ஷீட் கொண்டுவருவார். பெண்களை இரண்டிரண்டு பேராக நிறுத்தி அதை மடிக்கச் சொல்வார். யார் நேர்த்தியாக மடிக்கிறாள் என்று பார்ப்பதாக நினைத்தேன். "அதில்ல சார். எதிர்ல இருக்கறவ கை வர்ற வரைக்கும் யாரு பொறுத்து நிக்கறான்னு பாக்கறேன். நோயாளியத் தூக்கறப்போ அதான் வேணும்," என்றார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு வருடம், ஊரூர் ஒல்காட் குப்பத்திலிருந்து செல்வி வந்தாள். பெட்ஷீட்டில் தேறிவிட்டாள். என் ஐந்தாவது கேள்வியில் மாட்டிக்கொண்டாள்: ஏன் நர்ஸாக வேண்டும்? மற்றவர்கள் எல்லோரும் சேவை என்றார்கள். இவள், "சம்பளம் வரும் சார். அப்பாவுக்குக் கை ஒடிஞ்சி கீது, கடலுக்குப் போவல. இது கெடைக்கலன்னா திங்கக்கெழம எக்ஸ்போர்ட் கம்பெனிக்குத் தைக்கப் போவணும்," என்றாள். பத்துக்கு இரண்டு போட்டேன். அதனால் இரண்டாம் இடத்துக்கு இறங்கிவிட்டாள்.

பெண்களை வெளியே அனுப்பியதும் முதலாளி தயங்கினார். "நல்ல புள்ளதான். ஆனா சேவை மனசு வேணும்லா."

அம்மாள் வாதாடவில்லை. என் தாளைப் பார்த்துவிட்டு, "நீங்க பாங்குல எதுக்கு சார் சேர்ந்தீங்க?" என்று கேட்டார்.

முதலாளி சிரித்துவிட்டார்.

"சேவைன்னு வர்றவ, நாலு நாள் யாரும் நன்றி சொல்லலன்னா சோர்ந்துடுவா. சம்பளத்துக்கு வர்றவ ஏழு மணி டூட்டிக்கு ஆறே முக்காலுக்கு நிப்பா," என்றார் அம்மாள்.

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனாலும் தாளை வாங்கி, எல்லோருக்கும் அந்தக் கேள்வியின் மேல் கோடு போட்டு நீக்கிவிட்டேன். மதிப்பெண்களை மறுபடி கூட்டினால் செல்வி முதலில் இருந்தாள்.

அம்மாள் எப்போதும் சரி என்று எழுத மாட்டேன். சேவை என்று வாயெடுத்த பெண்களை அவர் தேவைக்கு மேல் முறைத்தார். அப்படித் தேர்வாகாத ஒருத்தி தன் முயற்சியில் படித்து நல்ல நர்ஸாக இருக்கிறாள். அதை நான் அம்மாளிடம் சொன்னபோது, "நல்லது சார்," என்றதோடு சரி.

கடைசி மூன்று வாரமும் அம்மாளைக் குளிப்பாட்டி, புரட்டிப் படுக்கவைத்தது செல்விதான் என்று கல்லறைத் தோட்டத்தில்தான் தெரிந்தது. அடையாறில் தன் மருத்துவமனை வேலை முடிந்ததும் தினமும் போயிருக்கிறாள். "பெரிய சேவை செஞ்சிருக்கே அம்மா," என்றேன், பழக்க தோஷத்தில்.

"அப்படிச் சொல்லாதீங்க சார். அம்மாவுக்குப் புடிக்காது," என்றாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள்.

அவர் இல்லாதது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்றுதான். உதவி கேட்டு வருகிறவரிடம் ஏன் என்று கேட்குமுன், அதையே முதலில் என்னிடம் கேட்டுப் பார்க்கிறேன். அநேகமாக, அதன்பின் வந்தவரிடம் கேட்பதில்லை.