எஸ்.ஐ. அம்மா அடிக்கச் சொன்ன லைட்

ஒடுகத்தூர் சாலையில் புளியமரத்து மறைவில், வேகம் பிடிக்கும் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற எஸ்.ஐ. அம்மாவை முதலில் பார்த்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. யாரை ஏமாற்றப் பார்க்கிறார்? போலீஸ் நின்றால் எதிரே வருகிறவனுக்கு ஹெட்லைட்டை அடித்துக் காட்டுவது எங்கள் டிரைவர்களுக்குள் எழுதாத சட்டம். முன்பின் தெரியாதவனுக்கும் காட்டுவோம். ஷூ கம்பெனிக்குத் தோல் ஏற்றிப்போகும் குட்டியானை வண்டி என்னுடையது. அவரைத் தாண்டியதும் எதிரே தூரத்தில் வந்த லாரிக்கு நானும் அடித்தேன். சற்றுத் தள்ளியிருந்த கம்பெனி கேட்டில் வண்டியை நிறுத்தினால், பின்னாலேயே நடந்து வந்துவிட்டார்.

"என்னையே காட்டிக் குடுக்கிறியா?"

"எங்க பழக்கம் அப்படிம்மா" என்றேன்.

ஆனால் அவர் பார்வை என்மேல் இல்லை. ஷிப்ட் விட்டு, டிபன் பையோடு கைகோத்துச் சாலையைக் கடந்த பெண்கள்மேல் இருந்தது. அதே இடத்தில்தான் முந்தின மாதம் வண்டி மோதி ஒரு பெண்ணுக்குக் கால் போயிற்று. அந்தக் கம்பெனியில் ஷூ தைக்கும் என் மனைவியும் தினம் அங்கேதான் கடக்கிறாள். நான் லைட் அடித்த லாரி, அவர்கள் போகும்வரை ஊர்ந்தபடி வந்தது.

"நான் ஃபைன் போட்றது அவன் வேகமா வந்தப்புறம். நீ லைட் போட்டா முன்னாடியே அடங்கறான். ஷிப்ட் விடற நேரத்துல தெனமும் அடி. நான் இருந்தாலும் அடி, இல்லாட்டியும் அடி. உன் தோஸ்துங்க கிட்டயும் சொல்லு."

எந்த போலீஸ் இப்படிச் சொல்லும்! டீக்கடையில் சொன்னபோது ஒருவனும் நம்பவில்லை. ஆனாலும் அடித்தோம். வண்டிகள் அடங்கின, அவருக்கு கேஸ் கம்மியாயிற்று. கேஸ் எங்கே என்று வயர்லெஸ் மைக்கில் மேலதிகாரி சத்தம் போட்டதை நானே கேட்டேன். "யாரும் வேகமா வரல சார், நான் இன்னா பண்றது?" என்றார், குரல் இறங்காமல். கொஞ்ச நாளில் அரக்கோணம் பக்கம் மாற்றிவிட்டார்கள். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

இப்போது அந்த மரத்தடியில் யாரும் நிற்பதில்லை. மற்ற டிரைவர்கள் ஒவ்வொருவராக லைட் அடிப்பதை விட்டுவிட்டார்கள். நான் விடவில்லை. போன வாரம் ஒரு லாரிக்காரன் வேகத்தைக் குறைத்து, சுற்றுமுற்றும் பார்த்து, என் பக்கத்தில் வந்ததும் கத்தினான்.

"எங்கடா போலீசு? சும்மா பேஜார் பண்ற!"

"நான்தான் போலீசு. மெதுவாப் போ, என் பொண்டாட்டி ரோடு தாண்டறா."