மயிலிட்டியில் நிலானிக்கு மட்டும் லீவு

வவுனியாவில் நீண்டகாலம் படிப்பித்து ஓய்வுபெற்றவன் நான். வீட்டில் சும்மா இருக்கத் தெரியாததால் புதிய ஆசிரியர்களுக்கு உதவப் போய்வருகிறேன். கடந்த மாசியில் மயிலிட்டிக்குப் போனதும் அதற்காகத்தான். அங்கே நான்காம் வகுப்பில் பார்வை குறைந்த ஒரு பிள்ளை, நிலானி. அவளை வகுப்போடு சேர்த்து எப்படிப் படிப்பிப்பது என்று புதிய ஆசிரியை ஜெனிற்றாவுக்குக் காட்டிக்கொடுக்கும்படி அதிபர் கேட்டிருந்தார்.

போவதற்கு முதல்நாள் யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில், அரியாலையில் தங்கைவீட்டில் தங்கினேன். காலை 6.40க்கு யாழ்ப்பாணத்தில் காங்கேசன்துறை பஸ். தெல்லிப்பழை வரை 100 ரூபா, முக்கால் மணித்தியாலம். அங்கிருந்து ஏழு கிலோமீற்றர் ஓட்டோ. தொள்ளாயிரம் கேட்ட தம்பி, பள்ளிக்கூடத்துக்கு என்றதும் எழுநூறாக்கினார். "படிப்பிக்கிற ஆக்களிட்டைக் கூடக் காசு வாங்கினா அம்மா ஏசுவா, சேர்."

வகுப்பில் எல்லாம் அளவுக்கு மீறி நன்றாக நடந்தது. நான் கேள்வியை முடிக்குமுன்பே பதில் வந்தது. ஒத்திகை பார்த்த பாடம் என்று எனக்கா தெரியாது? ஆனால் முன்வரிசை வாங்கில் ஓர் இடம் வெறுமையாக இருந்தது.

"நிலானி எங்கை?"

"அவவுக்கு மட்டும் இண்டைக்கு லீவு, சேர்" என்றான் ஒருவன். ஜெனிற்றாவின் முகம் வெளிறிவிட்டது.

இடைவேளையில் ஜெனிற்றா அழுதபடி சொன்னார்: "நான்தான் சேர் அவவிட்டை லீவு எண்டு சொன்னனான். அவ தடுமாறினா என்ரை படிப்பிப்பு சரியில்லை எண்டு எழுதுவியள் எண்டு பயந்திட்டன். எனக்கு இன்னும் வேலை நிரந்தரமாகேல்லை."

கோபம் வந்தது, வந்த வேகத்திலேயே போய்விட்டது. என் முதல் வருடத்தில், பார்வையிட ஆள் வருகிற அன்று படிப்பில் பின்தங்கிய மூன்று பிள்ளைகளை மைதானம் கூட்ட அனுப்பியவன் நான். போதாததற்கு அன்று என் கையிலும் பாடத்தை மதிப்பிடும் படிவம் ஒன்று இருந்தது. அதை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

இருவருமாக நிலானியின் வீட்டுக்குப் போனோம். பள்ளிக்குப் பின்னால் இரண்டு வீட்டு வளவு தள்ளி. வெள்ளைச் சீருடையோடு வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

"லீவு எண்டா ஏன் ரீச்சர் மணி அடிச்சது?"

ஜெனிற்றா அவளுக்கு முன்னால் குந்தினார். "லீவில்லையம்மா. நான் பொய் சொல்லிப்போட்டன். பிழை என்னிலைதான்."

நிலானி கொஞ்சம் யோசித்தாள். "கணக்குப் பாடம் முடிஞ்சுதோ?"

"இல்லை."

"அப்ப வாறன்."

அதன்பிறகுதான் உண்மையான பாடம் நடந்தது. கரும்பலகையை ஜெனிற்றா தன் ஃபோனில் படமெடுத்துக் கொடுத்தார். நிலானி இரண்டு விரலால் பெருப்பித்து ஒவ்வொரு கணக்காக வாசித்தாள். ஒத்திகை பார்க்காத கணக்குகள் என்பதால் மற்றவர்கள் திருதிருவென்று விழித்தார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

இதுபோலப் போக நினைப்பவர்களுக்கு: ஃபோனுக்கு முழுச் சார்ஜ் இருக்கட்டும். எந்த இடத்திலிருந்தால் நன்றாகத் தெரிகிறது என்று பிள்ளையிடமே கேளுங்கள். நாங்கள் முன்வாங்கு என்று நினைத்தோம், அவள் ஜன்னல் வெளிச்சம் கூசாத மூன்றாம் வாங்கைக் காட்டினாள். படிவத்தை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள். உதவ வருகிறவனைப் பார்த்து ஓர் ஆசிரியை பயந்தால், ஒரு பிள்ளை வெளியே நிற்கவேண்டி வருகிறது.

ஒன்றரைக்குப் பள்ளி விட்டது. ஓட்டோவுக்காக நான் பள்ளி வாசல் படலையடியில் நின்றபோது நிலானி ரீச்சரிடம் கேட்டாள்: "இந்தச் சேர் நாளைக்கும் வருவாரோ?"

"ஏன் பிள்ளை?"

"வந்தா, எனக்கு லீவோ எண்டு கேட்டனான்."

ஜெனிற்றா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "ஆர் வந்தாலும் நீ வரோணும். நீ வந்தாப் பிறகுதான் நான் பாடம் தொடங்குவன்."